முப்பத்திரண்டு நிமிடம் மேற்கே

ரெய்லீன் பாஸ்கோ தன் கைக்கடிகாரத்தை வாங்கியது ஒரு தூண்டில் கடையில். தெற்கு ஆஸ்திரேலியாவின் கடினாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்கு மீன்பிடிப்பதில் துளியும் ஆசை கிடையாது. மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள், கத்திகளுக்கும் டார்ச் விளக்குகளுக்கும் நடுவே, பச்சைக் கித்தான் பட்டையோடு அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு முகம், கொழுத்த வெள்ளை எண்கள், மூன்று முள். அவ்வளவுதான்.

"வெயில்ல ஓடுது. பேட்டரி மாத்துற வேலையே கிடையாது," என்றான் கடைக்காரன். "நூத்தி முப்பது டாலர்."

"வேற என்ன பண்ணும்?"

"மணி காட்டும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போனது. அவளிடம் வந்த செல்போன்கள் எதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ஒன்று பேருந்துச் சக்கரத்தின் கீழ் போனது, ஒன்று ஆட்டுத் தொட்டியில் விழுந்தது. இது விழுந்தாலும் தாங்கும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மழையும் விட்டிருந்தது.

அதன் பிறகு அந்தக் கடிகாரம் அவளுடைய நாளைக் கையில் எடுத்துக்கொண்டது. ஏழு நாற்பத்திரண்டுக்குப் பாஸ்க்வில் நிறுத்தம், ஏழு ஐம்பத்தொன்றுக்குத் தானியக் கிடங்கு வளைவு. சாயங்காலங்களில் அறுவடை முடிந்த கோதுமை வயல்களின் ஓரமாக நடந்து, ஒரு கிலோமீட்டருக்குத் தனக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பாள். சமதரையில் பதினொன்று, புதருக்குள் பதின்மூன்று, முட்டி வலிக்கும் நாளில் பதினான்கு. இதெல்லாம் ஆகஸ்டில் வரும் ரோகெய்னிங் பந்தயத்துக்காக.

வரைபடத்தை வைத்துக்கொண்டு காட்டில் கொடி தேடும் பந்தயம் அது. காலை ஒன்பதுக்கு இருவர் இருவராகக் கிளம்ப வேண்டும், பிற்பகல் மூன்றுக்குள் சேர்ந்தே திரும்ப வேண்டும். கொடிக்குக் கொடி மதிப்பெண் உண்டு. எதை முதலில் தேடுவது, எதை விடுவது என்பது அவரவர் சாமர்த்தியம். நேரம் தாண்டினால் நிமிடத்துக்குப் பத்து மதிப்பெண் போய்விடும், அரைமணி தாண்டினால் மொத்தமும் போய்விடும். செயற்கைக்கோள் பார்த்து வழி சொல்லும் எந்தக் கருவிக்கும் இடமில்லை. காம்பஸ் வைத்துக்கொள்ளலாம், மணி மட்டும் காட்டும் கடிகாரம் கட்டிக்கொள்ளலாம்.

நாலு வருஷமாக ரெய்லீன் இதில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்-பெண் ஜோடிப் பிரிவில் ஓடிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமும் அவளுக்கு மேலே வந்தது வாரிக் ஷுல்ட்ஸும் அவன் மனைவி கிளெனிஸும். வாரிக் ஆடுகளை ஏலம் விடும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆனால் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. தோற்றவர்களிடம் வந்து, எந்த இடத்தில் தவறு செய்தார்கள் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போவான்.

இந்த வருஷம் அவளோடு வழக்கமாக வரும் ஒன்றுவிட்ட சகோதரன் கிளெம் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு படுக்கையில் கிடந்தான். பெயரைத் திரும்பப் பெறலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது மகள் ஜசிந்தா அடிலெய்டிலிருந்து பேசினாள்.

"தனாஸியைக் கூட்டிட்டுப் போம்மா. அவனுக்கு நாப்பத்தியொண்ணு ஆச்சு."

"உன் புருஷனா? அவன் கார் நிறுத்துற இடத்துலேர்ந்து கடைக்கு நடக்கறதுக்கே கைல கட்டியிருக்கிறதைக் கேட்பானே."

"அவனே வர்றேன்னு சொல்றான்."

இது ரெய்லீனுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. தனாஸி குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். கெட்டிக்காரன், கடுமையாக உழைப்பான். அவன் மேல் அவளுக்குக் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இருவரும் தனியாகப் பத்து நிமிடம் பேசியதில்லை. அவன் அவளை ஒருமுறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவன் வளர்ந்த கிரேக்க வீட்டில் மாமியாரைப் பேர் சொல்வது மரியாதையில்லை. அவளை 'அம்மா' என்று கூப்பிடவும் அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பான். செருமல் கேட்டால் அது தனக்குத்தான் என்று ரெய்லீன் தெரிந்துவைத்திருந்தாள்.

குவார்ன் ஊரைத் தாண்டி ஒரு பெரிய ஆட்டுப்பண்ணையில் பந்தயம். சனிக்கிழமை காலை, கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்கு முன்னால் கூடாரங்கள், நீராவி பறக்கும் அண்டாக்கள், குளிரில் கால் மாற்றி நிற்கும் இருநூறு பேர். மேஜைக் காலில் இடித்துக் கால்விரலை முறித்துக்கொண்டிருந்த ஜசிந்தா, சமையல் கூடாரத்தில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

பதிவு மேஜையில் நெவில் உறையை நீட்டினார். பந்தயம் நடத்துகிறவர் அவர்தான். "போனு, வாட்சு எல்லாம் இதுல போடு, தம்பி."

தனாஸி தன் மணிக்கட்டிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு இருந்த அந்தக் கருவியைக் கழற்றினான். நாடித்துடிப்பு, தூக்கம், தண்ணீர் குடிக்க வேண்டிய நேரம் எல்லாம் சொல்வது அது. கழற்றிய இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. உறையில் போடும்போதும் அது ஒருமுறை அதிர்ந்தது.

"எந்திரிச்சு நடன்னு சொல்லுது," என்றான் அசட்டுச் சிரிப்போடு.

"நடக்கத்தானே போறோம். வை உள்ள," என்றாள் ரெய்லீன்.

அவன் செருமினான். "உங்க வாட்ச்... நொண்டுதா?"

அவள் குனிந்து பார்த்தாள். நொடி முள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டிரண்டு நொடியாகத் தாவிக்கொண்டிருந்தது. விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகுதான், வெயில் போதாவிட்டால் முள் இப்படித் தாவும் என்று கடைக்காரன் கொடுத்த காகிதத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. குளிர்காலம் முழுக்க விடியுமுன் வண்டி எடுத்திருக்கிறாள், இரண்டு ஸ்வெட்டர் கைகளுக்குக் கீழே அதை மூடியே வைத்திருக்கிறாள். கடிகாரம் பட்டினி.

"மணி சரியாத்தான் காட்டும். வெயில் வேணும்னு கேக்குது, அவ்வளவுதான்," என்று சொல்லி, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பின்னாலிருந்து வாரிக்கின் குரல் வந்தது. "ரெய்லீன்! அது என்ன, காலைல சாப்பிடற கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவுல போட்டுக் குடுத்தாங்களா?"

"இல்ல வாரிக். உன்னை ஜெயிக்கறதுக்குன்னு தனியா செஞ்சு வாங்கினேன்."

"அப்ப கடைல திருப்பிக் குடுத்துடு," என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்தான். அவன் பின்னால் கிளெனிஸ் கண்ணை உருட்டி மன்னிப்புக் கேட்டபடி போனாள்.

ஒன்பதுக்குக் கொம்பு ஊதியதும் இருநூறு பேரும் நாலு திசையிலும் சிதறினார்கள்.

முதல் ஒரு மணி நேரம் ரெய்லீனுக்கு ஆச்சரியமாகவே கழிந்தது. தனாஸிக்கு மூச்சு வாங்கியது உண்மை. இரண்டு ஈமுக்கள் எதிரே வந்தபோது அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றதும் உண்மை. ஆனால் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் அவன் வேறு ஆளாகிவிட்டான். பெருவிரலையும் சுண்டுவிரலையும் அதன் மேல் வைத்து ஒரு கணம் கண்ணைச் சுருக்குவான். "நானூறு மீட்டர். இந்த மேடு ஏறி இறங்கினதும் ஓடை பிரியும், இடது பக்கம்." போய்ப் பார்த்தால் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி அங்கே தொங்கும்.

"எப்படிடா சொல்றே?"

"இருபது வருஷமா தரையைப் பாத்துப் பாத்து அளக்கறேன். இது கொஞ்சம் பெரிய பாத்ரூம்."

அவள் சிரித்துவிட்டாள். நேரத்தை அவள் பார்த்தாள், தூரத்தை அவன் பார்த்தான். இத்தனை மணிக்குள் இந்தக் கொடி, கிடைக்காவிட்டால் பத்து நிமிடத்தில் விட்டுவிட்டு அடுத்தது என்று அவள் கடிகாரத்தைப் பார்த்துக் கறாராகச் சொல்லிவிடுவாள். கிளெம் என்றால் ஒரே கொடிக்காக ஒரு மணி நேரம் புதரைக் கலைத்துக்கொண்டு நிற்பான். பதினொன்றரைக்கு நொடி முள் நொண்டுவதை நிறுத்தி ஒழுங்காக நடக்க ஆரம்பித்தபோது அவர்களிடம் நானூற்றிப் பத்து மதிப்பெண் இருந்தது. போன வருஷம் இந்நேரம் இருநூற்று எழுபது.

பைன் மர நிழலில் உட்கார்ந்து, ஜசிந்தா கட்டிக்கொடுத்த சீஸ் ரொட்டியையும் தனாஸியின் அம்மா அனுப்பியிருந்த கீரைப் பணியாரத்தையும் தின்றார்கள். பணியாரம் இன்னொன்று இருக்கிறதா என்று ரெய்லீன் கேட்டாள். அவன் தன்னுடையதில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

காம்பஸைக் காணோம் என்று அவளுக்குத் தெரிந்தது பன்னிரண்டரைக்கு. சாப்பிடும்போது கழுத்தில் உறுத்தியதால் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்தாள். அந்தக் கிளை இப்போது இரண்டு மலைமுகடுகளுக்குப் பின்னால் இருந்தது. சொல்லாமல் நடந்தாள். வெயில் முகத்தில் விழும்படி பார்த்து வடக்கைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, ரொம்பவும் நிச்சயமாகக் கை காட்டினாள். அப்படிக் கால்மணி போயிருக்கும். செருமல் கேட்டது.

"காம்பஸை நீங்க பாத்தே ரொம்ப நேரமாச்சு."

"தேவைப்படல."

"கழுத்துலயும் இல்ல."

"இல்லதான்."

"பைன் மரத்துலயா?"

ரெய்லீன் நின்றாள். "ஆமா. இப்ப என்னங்கறே? திரும்பிப் போனா நாப்பது நிமிஷம் போயிடும்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "அப்ப வடக்கை எப்படிக் கண்டுபிடிக்கறோம்?" என்று மட்டும் கேட்டான்.

அவள் கையைத் தரைக்கு இணையாக நீட்டி, கடிகாரத்தின் பன்னிரண்டு சூரியனைப் பார்க்கும்படி திரும்பினாள். "பன்னிரண்டுக்கும் மணி முள்ளுக்கும் சரியா நடுவுல பாரு. அதான் வடக்கு. நம்ம ஊர்ப் பக்கம் அப்படித்தான்." அவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பிறகு வரைபடத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்து, தூரத்து மலைக்கும் காகிதத்து மலைக்கும் கண்ணை ஓட்டினான்.

"பொருந்துது," என்றான். "ஆனா நாம ரொம்பக் கிழக்கால வந்துட்டோம். நீங்க கை காட்டினது அப்படி."

"சரி சரி. நட."

இன்னும் மூன்று கொடிகள் கிடைத்தன. மதிப்பெண் அறுநூற்று நாற்பது. எழுபத்துநாலாம் எண் கொடி இருந்த பள்ளத்தை நெருங்கியபோது விசில் சத்தம் கேட்டது. மூன்று முறை ஊதி நின்றது. மறுபடி மூன்று முறை.

அந்தச் சத்தத்துக்கு எல்லா ஜோடிகளுக்கும் ஒரே விதிதான். எதைச் செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டுப் போக வேண்டும். ரெய்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பதினேழு. இன்னும் இரண்டு கொடி கையில் கிடைத்த மாதிரிதான் இருந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கினாள்.

பள்ளத்தின் அடியில், உருண்ட கற்களுக்கு நடுவே, வாரிக் ஷுல்ட்ஸ் ஒரு காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். அந்தக் காலில் பாதம் இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. கிளெனிஸ் அவன் தலையைத் தன் மடியில் வைத்து விசில் ஊதிக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது வந்திருக்கக் கூடாதா," என்றான் வாரிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கும் அதேதான் தோணுச்சு," என்றாள் ரெய்லீன்.

தனாஸியின் போன் பதிவு மேஜையில் கிடந்தது; கேட்கும் ஜோடிகளுக்கு அவசரத்துக்கென்று அரக்கு வைத்து மூடிக் கொடுக்கும் போனை ரெய்லீன் கேட்டு வாங்கியிருக்கவில்லை. வாரிக் வாங்கியிருந்த போனும் அவர்களுடைய காம்பஸும் அவன் பின்பாக்கெட்டில் ஒன்றாக இருந்தன. விழுந்தபோது அவனுடைய தொண்ணூறு கிலோவும் அவற்றின் மேல்தான் விழுந்தது. போனின் கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. காம்பஸிலிருந்து எண்ணெய் ஒழுகி முள் ஓரமாக ஒட்டிக்கொண்டது.

கட்டட வேலையிடங்களுக்காக முதலுதவி படித்திருந்த தனாஸி, இரண்டு நேரான கிளைகளை ஒடித்து, பையிலிருந்த ஒட்டுப்பட்டையால் காலைக் கட்டினான். வாரிக் கத்தியது பள்ளம் முழுக்க எதிரொலித்தது. பிறகு அவனுக்குக் குளிர் எடுக்க ஆரம்பித்தது. உதடு வெளுத்தது. தனாஸி தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினான்.

கிளெனிஸின் கழுத்திலிருந்து மதிப்பெண் அட்டை தொங்கியது. இவ்வளவு நடக்கும்போதும் ரெய்லீனின் கண் அதன் மேலேயே போய்ப் போய் நின்றது. தனக்கே வெட்கமாக இருந்தது.

"பாத்துக்கோ, பரவாயில்ல," என்றாள் கிளெனிஸ் அமைதியாக. "ஐநூத்தித் தொண்ணூறு. உங்களுக்கு?"

"அறுநூத்தி நாப்பது."

"கிளெனிஸ்! எதுக்கு இப்ப அதைச் சொல்றே?" என்று வாரிக் தரையிலிருந்து கத்தினான்.

"கத்தற தெம்பு இருக்கு. பொழைச்சுக்குவார்," என்றாள் அவள்.

யாராவது போய் வண்டி கொண்டுவர வேண்டும். கிளெனிஸ் அவனை விட்டு நகர மாட்டாள். தனாஸி தான் போவதாகச் சொன்னான்.

"நீ போனா வழி தப்பி ராத்திரி குவீன்ஸ்லாந்துல இருப்பே," என்றாள் ரெய்லீன். "ஆளைத் தூக்கிப் புரட்ட இங்க பலம் வேணும். நான் போறேன்."

தனாஸி வரைபடத்தைப் பாறை மேல் விரித்தான். பள்ளத்திலிருந்து நேர் மேற்கே புதர்க்காடு. அதன் முடிவில் பண்ணையின் எல்லைவேலி. வேலியைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் கொட்டகை. அவன் விரல்களை வைத்தான், கண்ணைச் சுருக்கினான்.

"ரெண்டரை கிலோமீட்டர். புதர்ல உங்களுக்கு எவ்வளவு?"

"கிலோமீட்டருக்குப் பதிமூணு நிமிஷம்."

"முப்பத்திரெண்டு நிமிஷம். மேக்கே முப்பத்திரெண்டு நிமிஷம்."

ஒன்று நாற்பதுக்கு அவள் கடிகாரத்தைச் சூரியனுக்குக் காட்டி, வடக்கைப் பிடித்து, இடது தோள் பக்கம் திரும்பி நடந்தாள். பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியிருப்பாள்.

"ரெய்லீன்!"

அவள் நின்று திரும்பினாள். கூப்பிட்டது வாரிக் இல்லை. தனாஸி கீழே நின்று இரண்டு கைகளையும் வாயில் குவித்திருந்தான்.

"வேலியைத் தொட்டதும் வலது பக்கம் திரும்புங்க! வலது பக்கம்!"

"எனக்குத் தெரியாதா!" என்று கத்திவிட்டு நடந்தாள். நூறடி போன பிறகுதான் அவன் செருமவில்லை என்பது உறைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அடக்கவும் இல்லை.

புதர்க்காடு என்பது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் குட்டை யூகலிப்டஸ் காடு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி சாம்பல் தண்டு, ஒரே மாதிரி இலை. மலை தெரியாது, ஓடை தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கடிகாரத்தைச் சூரியனுக்குக் காட்டினாள். முன்னால் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு அதுவரை நடந்தாள், அங்கிருந்து இன்னொன்று. முட்டி முணுமுணுத்தது. அவள் காது கொடுக்கவில்லை.

அப்போது வேலி வந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. வடக்குத் தெற்காகப் போகும் மரக்கம்பங்கள், நடுவே துருப்பிடித்த கம்பி. ஒன்றிரண்டு கம்பங்கள் சாய்ந்திருந்தாலும் வேலி வேலிதான். வரைபடத்தில் இந்தப் பக்கம் ஒரே ஒரு வேலிதான் இருந்தது. வலது பக்கம் திரும்பி வேகமாக இருபது அடி வைத்துவிட்டாள். பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள்.

ஒன்று ஐம்பத்தேழு.

பதினேழு நிமிடம். அவள் நின்றுவிட்டாள். ஓடியே வந்திருந்தாலும் இந்தப் புதருக்குள் பதினேழு நிமிடத்தில் இரண்டரைக் கிலோமீட்டர் வந்திருக்க முடியாது. அப்படியானால் இது எல்லைவேலி இல்லை. யாரோ எப்போதோ ஆடு அடைக்கப் போட்டு, மறந்து, வரைபடக்காரர்களும் விட்டுவிட்ட பழைய வேலி. இல்லாவிட்டால் தனாஸியின் விரல் கணக்கு தப்பு. இரண்டில் ஒன்று.

அந்த இடத்தில் அவள் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. வேலி வா வா என்றது. பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது. காலையிலிருந்து அவன் விரல் எத்தனை முறை தவறியது என்று யோசித்துப் பார்த்தாள். ஒருமுறையும் இல்லை. காம்பஸைத் தொலைத்து, ரொம்ப நிச்சயமாகக் கை காட்டி, இவ்வளவு கிழக்கே இழுத்துவந்தது யார் என்றும் யோசித்தாள். பழைய கம்பியைத் தாண்டி மேற்கே நடந்தாள்.

இரண்டு மணிக்கு மேகம் வந்து சூரியனை மூடியது. இனிக் கடிகாரத்தால் திசை சொல்ல முடியாது, நேரம் மட்டும்தான் சொல்லும். குறித்துவைத்த மரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனாள். இருபத்தைந்து நிமிடம். முப்பது. முப்பத்திரண்டு. காட்டில் ஒன்றும் மாறவில்லை. முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு மரத்தைக் குறித்துக்கொண்டாள். பள்ளத்தில் வெளுத்துக் கிடந்த அந்த உதடுகள் கண்ணில் வந்தன. நாலு வருஷமாக அவனைப் பற்றி மனதுக்குள் சொன்னதையெல்லாம் இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொண்டிருப்பாள். எல்லாவற்றையும் இல்லை, பாதியையாவது.

முப்பத்தைந்தாவது நிமிடம் காடு சட்டென்று அறுந்தது. எதிரே வெட்டவெளி. இரும்புக் கம்பங்களில் ஐந்து வரிசை புதுக்கம்பி விறைப்பாக ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில், வடக்கே, காற்றாலையின் தலை.

"மூணு நிமிஷம் தப்பு, தனாஸி," என்று மூச்சிரைக்கச் சொன்னாள். வலது பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தாள்.

இரண்டு ஐம்பதுக்கு அவள் கொட்டகை முற்றத்தில் வந்து விழுந்தபோது கூட்டம் கை தட்டியது. நெவில் பேனாவை எடுத்தார்.

"பத்து நிமிஷம் மிச்சம், பிரமாதம்! ஜோடி எங்க? ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான்..."

"நெவில், வண்டியை எடு."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் பேனாவைப் போட்டுவிட்டுச் சாவியைத் தேடினார்.

பண்ணைச் சாலை மலையை நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்கு அறுநூறு மீட்டர் அருகே வரை போனது. நாலு பேர் தூக்குக் கட்டிலோடு இறங்கினார்கள், ரெய்லீன் முன்னால். பள்ளத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது, அதுவும் சண்டை மாதிரி.

"வெள்ளை டைல்ஸ் வழுக்கும்னு சொல்றேன்!"

"வழுக்காத வெள்ளை இருக்கு சார். நான் போட்டிருக்கேன்."

வாரிக் கண் மூடினால் தட்டி எழுப்பி எழுப்பி, தனாஸி அவனை விடாமல் பேச வைத்திருந்தான். "பேச்சுலயே மூணு தடவை எங்க குளியலறையை இடிச்சுக் கட்டிட்டோம்," என்றாள் கிளெனிஸ். "இப்பத்தான் குழாய்க்கு வந்திருக்கோம்."

ரெய்லீனைப் பார்த்ததும் தனாஸி எழுந்து நின்றான். ஜாக்கெட் இல்லாமல் அவனுக்கும் பல் தந்தியடித்தது. அவளை ஒரு கையால் இழுத்து அணைத்துக்கொண்டான். வியர்வையும் ஒட்டுப்பட்டையும் நாறின. அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"நடுவுல பழைய வேலி ஒண்ணு இருந்துச்சு," என்றாள். "கிட்டத்தட்ட ஏமாந்துட்டேன்."

"படத்துல இல்லையே!"

"அதான் சொல்றேன்."

வாரிக்கைக் கட்டிலில் ஏற்றும்போது அவன் ரெய்லீனின் கையைப் பிடித்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று அவள் தயாரானாள்.

"அறுநூத்தி நாப்பது நெசமாவா?" என்று கேட்டான்.

"நெசம்தான்."

"ம்," என்றான். ஆனால் வண்டியை எட்டும்வரை கையை விடவில்லை.

போர்ட் அகஸ்டா மருத்துவமனையிலிருந்து ஐந்தரைக்கு கிளெனிஸ் பேசினாள். இரண்டு இடத்தில் முறிவு, காலையில் அறுவை, மற்றபடி ஆள் நன்றாகக் கத்துகிறான். அதைக் கேட்ட பிறகுதான் நெவில் முடிவுகளைப் படிக்க எழுந்தார். உதவிக்குப் போனவர்களுக்கு, விசில் கேட்ட நேரம் வரை எடுத்த மதிப்பெண் அப்படியே செல்லும் என்று குழு தீர்மானித்திருந்தது. ரெய்லீன் சூப் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு வருஷம்.

"நாப்பதுக்கு மேற்பட்ட கலப்பு ஜோடி. ரெண்டாம் இடம், பாஸ்கோவும் தனாஸியும், அறுநூத்தி நாப்பது. முதல் இடம், அறுநூத்தி எழுபது..."

அவர் படித்த பெயர்களை ரெய்லீன் கேட்டதே இல்லை. மூலையில் இருந்து ஊன்றுகோல் மாதிரி ஒல்லியாக ஒரு ஆளும், பின்னல் தொப்பி போட்ட ஒரு பெண்ணும் கூச்சத்தோடு எழுந்தார்கள். காலர் என்ற ஊரிலிருந்து வந்தவர்களாம், இதுதான் முதல் பந்தயமாம்.

ரெய்லீன் வாய் பிளந்து பார்த்தாள். நாலு வருஷமாக வாரிக்கின் முதுகையே பார்த்து ஓடியதில், பந்தயத்தில் வேறு யாராவது இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சூப் சிந்தும் அளவுக்குச் சிரித்தாள். ஜசிந்தா பயந்துபோய் அவள் முதுகைத் தடவினாள்.

"அம்மா, என்ன ஆச்சு? தனாஸி, இவங்களுக்கு என்ன ஆச்சு?"

தனாஸி காதில் வாங்கவில்லை. அவன் வரைபடத்தை மேஜை மேல் விரித்து, ஓரங்களில் உப்புக் குப்பியையும் ரொட்டித் தட்டையும் வைத்து, எழுபத்துநாலாம் கொடியின் மேல் பெருவிரலை ஊன்றியிருந்தான்.

"ரெய்லீன், இங்க பாருங்க. விசில் வராட்டி, இங்கேர்ந்து எண்பத்தி ரெண்டுக்கு ஓடை வழியா இருபது நிமிஷம்."

"ஓடை வழியாவா? அங்க முழுக்கப் பாறைடா. முப்பது ஆகும்."

"இருபது."

"முப்பது. என் காலைக் கேட்டுப் பாரு."

"வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்றாள் ஜசிந்தா. "எனக்கு விரல் வலிக்குது."

"ஒரு நிமிஷம்," என்றார்கள் இருவரும், தலை நிமிராமல்.